கையெழுத்து வைத்தவள்

மாக்ரெட் சவுந்தரநாயகத்துக்கு எந்த வேலையையும் பாதியில் விட்டுவைக்க வராது. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்டவாக இருக்கும் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் இருபத்தாறு வருடமாகப் பத்திரங்கள் பார்க்கிறாள். ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சாமான் துறைமுகத்திலேயே கிடக்கும் என்பதால், அவள் மேசைக்கு வரும் தாள் எதுவும் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டி அங்கே தங்காது. வீட்டிலும் அப்படித்தான். தேத்தண்ணி குடித்த கோப்பை சூடு ஆறுமுன் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவாள். இளவயதில் இரண்டு கலியாணப் பேச்சுகள் வந்து, இரண்டும் மாதக்கணக்காக இழுபட, இரண்டையும் வேண்டாமென்று அவளே முடித்துவைத்தாள். இப்போது ஐம்பத்தொரு வயது. பெற்றோர் இருந்த வீட்டில் தனியாக இருக்கிறாள்.

நாடகத்துக்குள் அவள் வந்தது டைப்பிங்கால். கிராண்ட்பாஸில் இருக்கும் நப்லா கிழமை நாட்களில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவள். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்து நாடகம் பழக்குவாள். வேகமாகத் தமிழ் டைப் பண்ணத் தெரிந்த ஒருத்தி வேண்டுமென்று மூன்று வருடத்துக்கு முன் யாரோ சொல்லி மாக்ரெட்டைத் தேடி வந்தாள். அன்றிலிருந்து பிரதிகளை அடித்துக் கொடுப்பது மாக்ரெட்டின் வேலை. மேடையில் ஏறும் எண்ணம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த வருடம் வெள்ளவத்தையில் பெண்கள் நாடக விழா ஒன்று அறிவித்திருந்தார்கள். குழுவுக்கு இருபத்தைந்து நிமிடம். நப்லா ஒரு பழைய கிரேக்கத் துயர நாடகத்தின் தமிழாக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். போரில் செத்த ஒருவனைப் புதைக்கக் கூடாதென்று அரசன் ஆணை போடுகிறான். செத்தவனுக்கு இரண்டு சகோதரிகள். ஒருத்தி, தலை போனாலும் புதைப்பேன் என்று புறப்படுகிறாள். மற்றவள் பயந்து நின்றுவிடுகிறாள்.

"முழுசா வேணாம்," என்றாள் நப்லா. "சகோதரிமார் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிற முதல் காட்சி மட்டும் போதும். அரசன், படை, ஒண்டும் வேணாம். இந்தக் காலம், கொழும்பில ஒரு வீடு. அரசனுக்குப் பதிலா ஒரு போன் அடிச்சா சரி. சண்டை வீட்டுக்குள்ளதான் நடக்கோணும்."

"செத்தது ஆர்?"

"அண்ணன் வேணாம். அப்பா எண்டு வைப்பமே?"

மாக்ரெட் தலையாட்டிவிட்டுத் தாள்களைப் பையில் போட்டாள். வீட்டுக்குப் போனதும் டைப் பண்ண உட்கார்ந்தாள். இரண்டாம் பக்கத்தில் எழுந்து யன்னலைச் சாத்தினாள். மூன்றாம் பக்கத்தில் எழுந்து அதைத் திறந்தாள். அந்தத் துணிந்த பெண்ணுக்குப் பக்கம் பக்கமாகப் பேச்சு இருந்தது. பயந்தவளுக்கு இருந்ததெல்லாம் நாம் பெண்கள், நம்மால் என்ன முடியும் என்ற மாதிரிச் சில வரிகள். அதற்குப் பிறகு அவளை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. மாக்ரெட் அந்த வரிகளை மூன்று தரம் அடித்து மூன்று தரம் அழித்தாள். அரைமணியில் முடியவேண்டிய வேலை அன்று முடியவில்லை.

அவள் அப்பா சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்தபோது மாதம்பிட்டி மயானத்தில் குழியைக் காட்டி, "எனக்கும் இதுக்குள்ள இடமிருக்கு, வேற இடம் பார்க்காதேங்கோ," என்று மகள்மார் இருவருக்கும் சொல்லிவைத்தவர். 2020 டிசம்பரில், எழுபத்தெட்டு வயதில், அவருக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள் இறந்தார். அந்த நோயில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும், புதைக்க விடமாட்டோம் என்பது அந்த நாளில் இருந்த சட்டம்.

மாக்ரெட் அப்போது வீட்டுக்குள் அடைபட்டிருந்தாள். கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தங்கச்சி டில்ஷானி வெள்ளவத்தையில் இருந்தாள்; யாழ்ப்பாணத்துப் பிள்ளை ராகுலனைக் கட்டி அங்கேயே இருப்பவள். போனில் மட்டும்தான் கதைக்க முடிந்தது. எரிக்கச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டாம் என்றாள் டில்ஷானி. எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் வைக்காமல் இருக்கின்றன, கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், சட்டம் மாறும், அதுவரை உடலை ஐஸ் அறையில் வைத்திருப்பார்கள் என்றாள். அப்பா இறந்து மூன்றாம் நாளும் சுகாதாரப் பரிசோதகர் வாசலுக்கு வந்தார். முகக்கவசத்துக்கு மேலே களைத்த கண்கள். "மெத்தன அத்சன் கரன்ன, மிஸ்," இங்கே கையெழுத்து வையுங்கள் என்று சிங்களத்தில் சொல்லித் தாளைக் கேற்றுக்கு மேலால் நீட்டினார். மாக்ரெட் கையெழுத்து வைத்தாள்.

பெப்ரவரிக் கடைசியில் சட்டம் மாறியது. அன்று டில்ஷானி போன் எடுத்தாள். "ரெண்டு மாசம் அக்கா. ரெண்டே ரெண்டு மாசம்," என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம் வரவுமில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ராகுலன் மட்டும் ஒரு கேக்குடன் வந்து, ஐந்து நிமிடம் நின்று, போய்விடுவான்.

இது எதையும் மாக்ரெட் நப்லாவிடம் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் கொண்டுபோய்க் கொடுத்த பிரதியில், பயந்த சகோதரி அக்காவாகியிருந்தாள்; அவளுக்கு நாலு பக்கம் பேச்சு இருந்தது. வாசலில் வந்து நிற்கும் அதிகாரி, கேற்றுக்கு மேலால் வரும் தாள், குளிர் அறையில் கிடக்கும் அப்பா, எல்லாம் இருந்தன. நப்லா நின்றபடியே வாசித்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மறுபடி வாசித்தாள்.

"இது நாடகத்தில இல்லையே மாக்ரெட்."

"நான்தான் போட்டனான்."

"வீட்டில நடந்ததா?"

"ஓம்."

"எங்கட பெரிய மாமாவும் அந்த நேரம்தான் மௌத்தானார்," என்றாள் நப்லா. "நாங்க கையெழுத்து வைக்கல்ல. ஒருத்தரும் வைக்கல்ல. வைக்காமலே எரிச்சாங்க. நியூஸில பார்த்துத்தான் தெரியும்."

மாக்ரெட் எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மண்டபத்தின் மற்றப் பக்கம் போய், அடுக்கியிருந்த கதிரைகளின் விளிம்புகளைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தாள். கையெழுத்து வைக்காவிட்டாலும் நடந்திருக்கும் என்றால், அதை அறிந்த நிமிடம் அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் அவளைப் பதறவைத்தது.

"அக்காக்காரி நல்லாக் கதைக்கிறா," என்றாள் நப்லா, தாளைத் தட்டியபடி. "ஆனா தங்கச்சிய ஊமையாக்கிட்டீங்க. ரெண்டு தரம் கத்துறா, பிறகு அழுறா. இப்பிடிப் போட்டா சனம் அக்காவுக்குத்தான் பாவம் பார்க்கும். சண்டை எண்டா ரெண்டு பேர்ட பக்கமும் நியாயம் இருக்கோணும். தங்கச்சி என்ன சொல்லுவா?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"கேட்டுப் பாருங்க. இன்னொண்டும் சொல்றேன். இந்த அக்காவ நடிக்க எங்கட குழுவில ஆளில்ல. தாரிகா தங்கச்சியா வருவா. அக்கா நீங்கதான்."

முடியாது என்றாள் மாக்ரெட். அன்று மூன்று தரம் அப்படிச் சொன்னாள். வீடு திரும்பும் வழியில், ஆமர் வீதிச் சந்தியில் வாகனங்கள் நகர்வதற்காக நின்றபோது, தன் வாய் அந்த வசனங்களைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினாள். காலி வீதியில் இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கையில் நடந்தாள். வழியில் இரண்டு தரம் நின்று பையைத் திறந்து பிரதி இருக்கிறதா என்று பார்த்தாள். நாலாம் மாடிக்கு லிப்ட் வரும்வரை நிற்க முடியாமல் படியேறினாள். கதவைத் திறந்த ராகுலன் ஒரு கணம் திகைத்து, பிறகு சந்தோஷமாகவே, "வாங்கோ மச்சாள், உள்ள வாங்கோ," என்றான். மனைவியின் முகத்தை ஒருதரம் பார்த்தவன், கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

டில்ஷானி குசினியில், பத்திரிகைத்தாளை விரித்துப் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை எண்ணெய் பூசியும் பால் விரல்களில் ஒட்டியிருந்தது. நாற்பத்தைந்து வயது. காதோரம் நரைத்திருந்தது. அந்த நரையை மாக்ரெட் இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்ன விஷயம்?" என்றாள், நிமிராமல்.

"ஒரு நாடகம் போடுறம். உன்னட்ட ஒண்டு காட்டோணும்."

"நாடகமா? நீங்களா?"

மாக்ரெட் தாளை நீட்டினாள். டில்ஷானி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். பலாப்பாலோடு அந்தக் கையால் எதையும் தொட முடியாது. "அப்ப வாசிக்கிறன்," என்றாள் மாக்ரெட். வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தங்கச்சியின் வசனங்களையும் தானே அவளுக்கு முன்னால் வாசிக்கவேண்டும் என்பது உறைத்தது. நிறுத்த வழியில்லை. நின்றபடி, வேகமாக, அலுவலகத்தில் பத்திரம் சரிபார்ப்பதுபோல வாசித்தாள். கத்தி பலகையில் விழும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகை வரும் இடத்தில் அது நின்றது.

"நான் அழேல்லை," என்றாள் டில்ஷானி.

"போன்ல…"

"போன்ல நான் அழேல்லை. நான் எங்க நிண்டு கதைச்சனான் எண்டு தெரியுமா உங்களுக்கு? ஆஸ்பத்திரி கேற்றில. ஊரடங்கு மாதிரி ஒரு சனமில்லாத றோட்டு. ராகுலன் மோட்டச் சைக்கிள்ல கொண்டுபோய் விட்டவர். உள்ள விடேல்லை. மூண்டு நாளும் போனனான். காலமை போய் மத்தியானம் மட்டும் நிண்டனான். அங்க ஒரு முஸ்லிம் அம்மா, தன்ர மகனுக்காக வந்து நிண்டவ. அவதான் லோயரிட நம்பர் தந்தவ. இதெல்லாம் உங்கட நாடகத்தில இருக்கா?"

"எனக்கு நீ சொல்லேல்லையே."

"நீங்க கேக்கேல்லை."

மாக்ரெட் தாளைத் திருப்பி, ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். கேற்று. மோட்டச் சைக்கிள். அந்த அம்மா. கை தன்பாட்டில் ஓடியது.

"சட்டம் மாறினாலும் ஓட்டமாவடியிலதானே புதைக்க விட்டவங்கள்," என்றாள், எழுதிக்கொண்டே. "அது கிழக்கில எங்கயோ. மம்மிக்குப் பக்கத்தில டடியை வைக்க ஏலாது. அப்பவும் ஏலாதுதானே."

"மண்ணுதானே அக்கா. எங்கயெண்டாலும் மண். நான் போய் நிண்டிருப்பன்." டில்ஷானி கத்தியைக் கீழே வைத்தாள். "அதை விடுங்க. நீங்க ஒரு இடத்தை விட்டுப்போட்டீங்க."

மாக்ரெட்டின் பென்சில் நின்றது. எந்த இடம் என்று கேட்கத் தேவையில்லை.

"ரெண்டாம் நாள் பின்னேரம்," என்றாள் டில்ஷானி. "நான் உங்களைக் கேட்டனான், இன்னும் ரெண்டு நாள் பொறுங்க, லோயர் வெள்ளிக்கிழமை கதைக்கிறன் எண்டவர் எண்டு. நீங்க என்ன சொன்னீங்க?"

"வைக்க மாட்டன் எண்டனான்."

"சத்தியம் பண்ணினீங்க. மம்மியில."

"ஓம்."

"அடுத்தநாள் காலமை பத்து மணிக்கு வைச்சுப்போட்டீங்க. எரிச்சதுக்கு இல்லை அக்கா நான் வராமல் விட்டது. சட்டம் எரிச்சது, அது எனக்கும் தெரியும். நீங்க எனக்குச் சொன்ன சொல்லு. நான் அந்தக் கேற்றில நிண்டது அந்தச் சொல்லை நம்பித்தான்."

வெளியே ரயில் ஒன்று கரையோரமாகப் போனது. ஏன் வைத்தாய் என்று டில்ஷானி கேட்பாள் என்று மாக்ரெட் காத்திருந்தாள். ஐந்து வருடமாக அதற்குப் பதில் ஆயத்தம் பண்ணி வைத்திருக்கிறாள்: டடிக்குக் குளிர் ஒத்துவராது, அவரை ஐஸில் கிடத்த மனம் வரவில்லை. பிரதியிலும் அதைத்தான் எழுதியிருக்கிறாள். கேட்பவர்கள் உருகும்படியான வரி. டில்ஷானி கேட்கவில்லை. கேட்காததால் அந்தப் பதில் வாயிலேயே புளித்துப்போனது.

"எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சு," என்றாள் மாக்ரெட் கடைசியில். "டடிக்காக இல்லை. அந்தத் தாள் ரெண்டு தரம் வந்து திரும்பிப் போனது. மூண்டாம் தரமும் வந்தது. எனக்கு முடிஞ்சாப் போதும் எண்டு இருந்தது. வேற ஒண்டுமில்லை."

டில்ஷானி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வெறுப்பா, என்னவென்று மாக்ரெட்டால் கண்டுகொள்ள முடியவில்லை. "அதை எழுதுங்க," என்றாள் தங்கச்சி. பிறகு மீதிப் பலாக்காயை எடுத்தாள். "எழுதிப்போட்டுப் போங்க. நான் சமைக்கோணும்."

விழா ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் நாலு மணிக்கு. டில்ஷானி வருவதாகச் சொல்லவில்லை. மாக்ரெட்டும் கேட்கவில்லை, ராகுலனுக்கு மட்டும் நேரத்தை அனுப்பிவைத்தாள். மேடைக்குப் பின்னால் அவள் போட்ட நடையில் நப்லாவுக்குத் தலை சுற்றியது. "மாக்ரெட், அல்லாவுக்காக ஒரு இடத்தில நில்லுங்க," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, மேடையிலயும் இப்பிடியே நடங்க. உட்காரவே வேணாம்," என்றாள்.

அப்படியே நடந்தாள். மேடையின் ஒரு பக்கம் வீடு, அதற்குள் மாக்ரெட். மறுபக்கம் ஒரு கேற்று, அதற்கு வெளியே தாரிகா. வங்கியில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண், நல்ல குரல். நடுவில் ஒரு சின்ன மேசை, அதில் ஒரு போன். போன் அடிக்கும்போதெல்லாம் சபை அசைந்தது. சத்தியம் பண்ணும் இடம் வந்தபோது மாக்ரெட்டின் நடை தானாக நின்றது. வசனம் வரவில்லை. தாரிகா கண்ணால் சைகை காட்டினாள். பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து நப்லா முதற் சொல்லை மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். மாக்ரெட்டுக்கு வசனம் மறக்கவில்லை. இந்தத் தரம் சொன்னால் அதை மீறவேண்டியிருக்கும், மீறுவதற்காகவே சொல்லவேண்டியிருக்கும் என்பதுதான் அவளைத் தடுத்தது. கடைசியில் சொன்னாள். அடுத்த காட்சியில் தாள் வந்தது. கையெழுத்து வைத்தாள்.

சபையில் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு வயதான மனிதர் எழுந்து வெளியே போனார். முன்னாலிருந்த ஒரு பெண், கேட்கும்படியாகவே, "பாவி," என்றாள். யாரைச் சொன்னாள், அக்காவையா, அந்தத் தாளைக் கொண்டுவந்தவனையா, தெரியாது. பிறகு, "எனக்கு முடிஞ்சாப் போதும் எண்டு இருந்தது," என்ற வரியை மாக்ரெட் சொன்னபோது ஒருவரும் உருகவில்லை. மண்டபம் இறுகிப்போயிருந்தது. விளக்கு அணைந்து கொஞ்சநேரம் கழித்துத்தான் கைதட்டல் வந்தது.

டில்ஷானி பக்கவாசலில் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ராகுலன்.

"அந்தப் பிள்ளை பிழையாச் சொல்லுது," என்றாள் டில்ஷானி.

"எதை?"

"கேற்றில நிண்டு கத்துது. நான் கத்தேல்லை. கத்தினால் பொலிஸ் துரத்திவிடும். மெதுவாத்தான் கதைச்சனான். போனைக் கையால பொத்திப் பொத்திக் கதைச்சனான்."

"அடுத்த ஆட்டம் கொட்டாஞ்சேனை மண்டபத்தில. ரெண்டு கிழமையில."

"நான் உங்களை மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைக்காதேங்க."

"நினைக்கேல்லை."

டில்ஷானி கொஞ்சநேரம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ராகுலன் கைப்பேசியைப் பார்ப்பதுபோலப் பாவனை பண்ணினான். "பழகுறது எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள் டில்ஷானி.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வந்தாள், ஐந்து வருடத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்கு. அக்காவின் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மண்டபத்துக்கு வந்து, தாரிகாவுக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே நிறுத்தினாள். இரண்டாம் வரியிலும் நிறுத்தினாள். "தங்கச்சி, அந்த இடத்தில மூச்சு விடாதேங்க. மூச்சு விட்டா அக்கா இடையில கதைச்சுப்போடுவா," என்றாள். தாரிகாவுக்கு முகம் சிவந்தது. இயக்குநர் ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று நப்லா இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மாக்ரெட் தன் வரிக்காக மேடையின் மறு பக்கத்தில் காத்துநின்றாள். பதினொரு மணியாகியும் முதல் பக்கம் தாண்டவில்லை. அவளுக்குக் கால்கள் பரபரத்தன. ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"திரும்ப முதல்ல இருந்து," என்றாள் டில்ஷானி.